சூப்பர்சார்ஜர் பொருத்திய மஸ்டாங்: இன்டர்கூலர் பம்பின் ரிலேவுக்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

கருங்குதிரை_05 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 4.6 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள வி8 எஞ்சின். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதற்கு எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், 8 பிஎஸ்ஐ. அழுத்தப்பட்டுச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தண்ணீர் வகையைச் சேர்ந்தது: எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டுக்குள் சிறிய கோர் ஒன்று, ரேடியேட்டருக்கு முன்னால் ஹீட் எக்ஸ்சேஞ்சர், பக்கத்தில் ஒரு ரிசர்வாயர், இம்மூன்றுக்கும் இடையே தண்ணீரைச் சுற்றவிடும் ஒரு மின்பம்ப்.

கிட்டோடு வந்த பம்ப் இந்த வசந்தத்தில் இறுகி நின்றுவிட்டதால் அதைவிடப் பெரியதாக வேறொன்றை வாங்கினேன். பழைய பம்ப் ஏறக்குறைய 2 ஆம்பியர்தான் இழுத்தது. புதியதன் லேபிளில் 13.5 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. கிட்டில் இருந்த அதே 18 கேஜ் ஒயர்களையும், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் அதே ரிலேவையும் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு மாற்றம் செய்தேன். முன்பு சாவியைத் திருப்பியதுமே பம்ப் ஓடத் தொடங்கிவிடும். அது வீண் என்றும், எரிபொருள் பம்புக்குப் போகும் ஒயரிலிருந்து ரிலேவைத் தூண்டினால் எஞ்சின் ஓடும்போது மட்டும் பம்ப் ஓடும் என்றும் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பின்பக்கத்திலிருந்து கதவோரமாக ஒயர் இழுத்துவந்து ரிலேவைத் தூண்டும் 86ஆம் முனையில் கொடுத்தேன்.

அன்றிலிருந்துதான் தொல்லை. கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐட்லில் ரிலே தேன்கூடு போல ரீங்காரமிடுகிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போய்விட்டது. வெளியே 28 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது நிதானமாக ஓட்டினால், இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள சென்சார் 45 டிகிரிக்கு மேல் காட்டுவதில்லை. இரண்டு முறை தொடர்ந்து முழுத் திராட்டில் கொடுத்தால் 78 டிகிரிக்கு ஏறி, இறங்குவதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் கணினி பற்றவைப்பு நேரத்தைப் பின்னுக்கு இழுப்பதைக் காலால் உணர முடிகிறது. பெரிய பம்பை மாட்டிய பிறகு சிறிய பம்ப் இருந்த காலத்தைவிட மோசமாக இருப்பது எனக்குப் புதிராக இருக்கிறது.

ரிலேவைத் தூண்டும் மின்சாரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும்? பம்பின் எர்த்தை முன்பக்க ரேடியேட்டர் சட்டத்தில் உள்ள ஒரு போல்ட்டில் கொடுத்திருக்கிறேன்; அது போதுமா? வெப்ப சுவிட்ச் ஒன்றை வைத்து, சூடானால் மட்டும் பம்ப் ஓடும்படி செய்யலாமா?

ரிலேகாரன் எழுதியது:

உங்கள் ரீங்காரத்துக்குக் காரணம் நீங்கள் ஒயரைத் தட்டிய இடம்தான். பழைய கார்களில் எரிபொருள் பம்புக்கு நேராக 12 வோல்ட் போகும். அந்தக் காலத்தில் உங்களுக்குக் கிடைத்த யோசனை சரியானதே. உங்கள் காரில் எரிபொருள் திரும்பிவரும் குழாயே கிடையாது. அழுத்தத்தைச் சரியாக வைத்துக்கொள்வதற்காக எஞ்சின் கணினி, பின்பக்கத்தில் உள்ள ஒரு டிரைவர் மாட்யூல் வழியாக எரிபொருள் பம்பின் வேகத்தையே கூட்டிக் குறைக்கிறது. அந்த மாட்யூல் மின்சாரத்தை நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஐட்லில் எரிபொருள் குறைவாகத் தேவைப்படுவதால் வெட்டின் இடைவெளி அதிகமாகவும், முழுத் திராட்டிலில் குறைவாகவும் இருக்கும். மல்டிமீட்டர் இதைச் சராசரியாக்கி ஏழு, எட்டு வோல்ட் என்று சாதுவாகக் காட்டிவிடும். ரிலேவுக்குள் உள்ள மின்காந்தச் சுருளான காயில் அந்தச் சராசரியை ஏற்பதா மறுப்பதா என்று தெரியாமல் பிடித்தும் விட்டும் துடிக்கிறது. நீங்கள் கேட்கும் ரீங்காரம் அந்தத் துடிப்புதான்.

ஃபியூஸ் போவதும் இதே கதையின் தொடர்ச்சி என்பது என் கருத்து. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்த அந்த முதல் கணத்தில், அது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு முறை தொடங்கி ஒரே சீராக ஓடினால் 10 ஆம்பியர் ஃபியூஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும். ரிலே துடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் ஓடாமலும் நிற்காமலும் அந்தத் தொடக்க இழுப்பைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. ஃபியூஸ் மெல்ல மெல்லச் சூடேறி உருகிவிடுகிறது. தயவுசெய்து இப்போதைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். ஃபியூஸ் காப்பது பம்பை அல்ல, ஒயரை. உங்கள் 18 கேஜ் ஒயருக்கு 10 போதும்.

தூண்டும் மின்சாரத்தை, சாவி ‘ரன்’ நிலையில் இருக்கும்போது மட்டும் உயிர்பெறும் ஏதாவது ஒரு ஃபியூஸிலிருந்து எடுங்கள். பயணியின் கால் பக்கத்தில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஃபியூஸை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு ஃபியூஸ் செருகக்கூடிய கிளை இணைப்பைச் செருகினால் எந்த ஒயரையும் சீவ வேண்டியதில்லை. ரிலே காயிலின் மின்தடை ஏறக்குறைய 85 ஓம் என்பதால் அது 0.15 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். கிளையில் மிகச் சிறிய ஃபியூஸே போதும். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களை மட்டும் தொடாதீர்கள்.

முனைகளைப் பொறுத்தவரை, 86 என்பது அந்தக் கிளை ஃபியூஸுக்கு, 85 எர்த்துக்கு, 30 பேட்டரியிலிருந்து வரும் முக்கிய ஒயருக்கு, 87 பம்புக்கு. ரிலேவில் 87ஏ என்ற முனையும் இருந்தால் அதைக் காலியாக விட்டுவிடுங்கள். அதில் தவறிப்போய்ப் பம்பைக் கொடுத்தால், கார் அணைந்திருக்கும்போது இரவெல்லாம் பம்ப் ஓடிக் காலையில் பேட்டரி காலியாகக் கிடக்கும். முக்கிய ஒயரின் ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சாணுக்குத்தான் பாதுகாப்பே கிடையாது என்பதால், அது எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

காயிலில் மின்சாரம் நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அடக்குவதற்கு உள்ளே மின்தடையோ டயோடோ வைத்த ரிலேவாகப் பார்த்து வாங்குங்கள். டயோடு வைத்த ரிலே என்றால் 86இல் பிளஸ், 85இல் மைனஸ் என்பதை மாற்றக்கூடாது. மாற்றினால் டயோடு நேராக ஷார்ட் ஆகிவிடும்.

எர்த் பற்றி நான் இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். ரிலே துடிக்காமல் இருப்பதற்காக, சோதனைக்கு மட்டும் 86ஐப் பேட்டரி பிளஸோடு ஒரு தனி ஒயரால் இணையுங்கள். எஞ்சினும் பம்பும் ஓடட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறு முனையைப் பம்பின் பிளஸ் முனையிலும் வைத்து அளவெடுங்கள். பிறகு பேட்டரி மைனஸுக்கும் பம்பின் மைனஸ் முனைக்கும் இடையே அதேபோல் அளவெடுங்கள். பம்ப் ஓடாதபோது அளந்தால் எல்லாமே சுத்தமாகத் தெரியும், அதை நம்ப வேண்டாம்.

வளியழுத்தம் எழுதியது:

உங்கள் மூன்றாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வெப்ப சுவிட்ச் வேண்டாம்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 8 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் காற்றை அது இருந்த அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு அழுத்துகிறோம். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, இழப்பே இல்லாத ஒரு அமுக்கியில்கூட 40 டிகிரி அளவு சூடேறும். ரூட்ஸ் வகையின் திறன் 65 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஏற்றம் 60 டிகிரியைத் தாண்டுகிறது. அதாவது சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும் காற்று 90 டிகிரிக்கு மேல். இந்த ஏற்றம் நீங்கள் காலை அழுத்திய ஓரிரு நொடிகளில் நடந்துவிடுகிறது. தண்ணீர் சூடாகி, அந்தச் சூடு சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வந்து, சுவிட்ச் மூடி, நின்றுகொண்டிருந்த தண்ணீர் நகரத் தொடங்கும்போது உங்கள் ஓட்டமே முடிந்திருக்கும். அதைவிட, பம்ப் நின்றிருந்தால் கோருக்குள் இருக்கும் தண்ணீர் மேனிஃபோல்டின் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும். சுவிட்ச் வேறு இடத்தில் இருந்தால் அதற்கு இது தெரியவே தெரியாது.

சாவி திறந்ததும் பம்ப் ஓடுவது வீண் என்று உங்களிடம் சொன்னவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கால் மைல் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் ரிசர்வாயரில் பனிக்கட்டியைப் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திறந்துவைத்துப் பம்பை ஓடவிட்டுக் கோரைக் குளிர்விப்பார்கள். எரிபொருள் பம்போடு இணைத்தால் அந்த வசதியே இல்லாமல் போகிறது. நான் பந்தயத்துக்குப் போகிறவன் இல்லை. ஆனால் போக்குவரத்து நெரிசலில் நின்று எரிச்சலோடு எஞ்சினை அணைக்கும்போது இதே வசதியைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

கருங்குதிரை_05 எழுதியது:

இருவருக்கும் நன்றி. ரிலேகாரன் சொன்னபடியே அளந்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட். பம்பின் இரு முனைகளுக்கு இடையே 11.3 வோல்ட் மட்டுமே. பிளஸ் பக்கத்தில் 1.4 வோல்ட் தொலைகிறது, மைனஸ் பக்கத்தில் 1.5 வோல்ட். நண்பரின் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 5 ஆம்பியர் என்று காட்டியது. பேட்டரியிலிருந்து ரிலே வழியாகப் பம்ப் வரை ஒயர் நாலரை மீட்டர் இருக்கும்; எர்த் ஒயர் ஒரு மீட்டர்கூட இல்லை.

நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, குட்டையான எர்த் பக்கத்தில்தான் அதிகமாகத் தொலைகிறது. இது எப்படி?

ரிலேகாரன் எழுதியது:

அருமையான அளவீடு. இனி யூகத்துக்கு இடமில்லை.

18 கேஜ் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.021 ஓம். நாலரை மீட்டரில் 5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் அளவு தொலைய வேண்டும். உங்களுக்குத் தொலைவது 1.4. எஞ்சிய 0.9 வோல்ட் இணைப்புகளில்தான் போகிறது: ஃபியூஸ் பிடிப்பான், ஒயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் மேலாக இத்தனை நாள் துடித்துத் துடித்துப் பொறி பறந்த ரிலேவின் தொடுமுனை. எர்த் பக்கத்தில் ஒயருக்கு உரியது 0.1 வோல்ட்தான், மீதம் 1.4 வோல்ட்டையும் அந்தப் போல்ட் தின்கிறது. அந்தப் போல்ட்டின் அடியில் பெயின்ட் இருக்கும். தலையைச் சுற்றிச் சுரண்டியிருந்தாலும் மரையின் வழியாகத்தான் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். நிரந்தரக் காந்த மோட்டாரின் வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 14.2க்குப் பதில் 11.3 என்றால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மையவிலக்குப் பம்பில் தள்ளும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இது ரிலே துடிக்காதபோது உள்ள நிலை. துடிக்கும்போது எவ்வளவு என்று கணக்குப் போடவே வேண்டாம். பெரிய பம்பை வாங்கிச் சிறிய பம்பின் வேலையைக்கூட வாங்காமல் இருந்திருக்கிறீர்கள்.

14 கேஜ் ஒயருக்கு மாறுங்கள், 15 ஆம்பியர் ஃபியூஸ் போடலாம். எர்த்துக்குப் பாடியை நம்பாமல் அதே தடிமனில் ஒரு ஒயரைப் பேட்டரி மைனஸ் கேபிள் பாடியைத் தொடும் அந்த ஸ்டட் வரையே கொண்டுபோய்விடுங்கள். ஒயரின் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவைப் போடுங்கள். வெறும் ஈயப் பற்றுவைத்து விட்டால், அதிர்வில் பற்று முடியும் இடத்தில் ஒயர் ஒடியும்.

பழைய மெக்கானிக் எழுதியது:

தம்பி, மின்சாரம் பற்றி நண்பர்கள் சொன்னதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் புதிய ஒயரைப் போட்டுவிட்டுப் பம்பின் இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பிரஷ் உள்ள மையவிலக்குப் பம்பைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அது ஓடும், தண்ணீரும் வழக்கமான திசையிலேயே போகும். ஆனால் பலவீனமாகப் போகும். ரிசர்வாயரைத் திறந்து பார்த்தால் தண்ணீர் அசைவது தெரியும், எல்லாம் சரி என்று மூடிவிடுவோம். நான் ஒரு காரில் இரண்டு நாள் இப்படி ஏமாந்திருக்கிறேன். பிரஷ் இல்லாத வகையாக இருந்தால் உள்ளே உள்ள மின்சுற்றே போய்விடலாம்.

அடுத்தது காற்று. இந்தப் பம்புகள் காற்றை உறிஞ்சாது. தண்ணீர் தானாக வந்து நிரம்ப வேண்டும். அதனால் பம்ப் ரிசர்வாயரைவிடக் கீழே இருக்க வேண்டும். உறிஞ்சும் வாய் நடுவில் இருப்பது, தள்ளும் வாய் விளிம்பில் இருப்பது. மேனிஃபோல்டுக்குள் உள்ள கோர்தான் பெரும்பாலும் சுற்றின் உச்சி. காற்று அங்கேதான் போய் உட்காரும். ஒயர் வேலைக்காகக் குழாயைக் கழற்றினீர்கள் என்றால், காரின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ரிசர்வாயரின் மூடியைத் திறந்துவைத்து, பம்பை விட்டுவிட்டு ஓடவிட்டு, திரும்பிவரும் வாயில் குமிழி நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கும் சாவி நிலையிலேயே பம்ப் ஓடுவது வசதி. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டாலும் சீலுக்குக் கேடு. கிட்டோடு வந்த உங்கள் முதல் பம்ப் இறுகியதற்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் திறந்து பாருங்கள்.

கருங்குதிரை_05 எழுதியது:

வேலை முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் பழைய ரிலேவின் மூடியை நெம்பித் திறந்தேன். தொடுமுனைகள் இரண்டும் கறுத்துப்போய், ஒன்றில் குண்டூசித் தலை அளவுக்குக் குழியும் எதிரே இருந்ததில் அதே அளவுக்கு ஒரு மேடும் இருந்தன. உள்பக்க மூடியில் புகை படிந்திருந்தது. ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. வாஷரின் பற்கள் மூன்று இடத்தில் மட்டும் கீறியிருந்தன. பிளஸ் ஒயரில், கிட்காரர்கள் கொடுத்த கடிக்கும் கிளிப்பின் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

14 கேஜ் ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், தனி எர்த் ஒயர், உள்ளே மின்தடை வைத்த புதிய ரிலே. தூண்டும் மின்சாரம் இப்போது கால் பக்க ஃபியூஸ் பெட்டியிலிருந்து வருகிறது. பின்பக்கத்து எரிபொருள் பம்ப் ஒயரில் நான் சீவிய இடத்தை மூடி ஸ்லீவ் போட்டுவிட்டேன். பம்பின் முனைகளில் இப்போது 13.7 வோல்ட். நேற்று மாலை வெளியே 29 டிகிரி. அதே சாலையில் அதே இரண்டு ஓட்டங்களுக்குப் பிறகு சென்சார் 56 டிகிரி காட்டியது, இரண்டரை நிமிடத்தில் 45க்கு இறங்கிவிட்டது.

பழைய பம்பையும் திறந்தேன். இம்பெல்லரின் தண்டில் வெள்ளைப் படிவு கெட்டியாக இருந்தது. முதல் ஆண்டில் கூலன்டோடு குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றியது நான்தான்.

ஒரு சிறு ஐயம்: ரிலேவின் சாக்கெட்டை ஃபென்டரின் உள்பக்கத்தில் எந்தத் திசையில் மாட்டுவது?

ரிலேகாரன் எழுதியது:

முனைகளும் ஒயர்களும் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். ஒயர்கள் சாக்கெட்டை விட்டு இறங்கிய பிறகு ஒரு சிறு வளைவாகத் தொங்கி மேலே ஏறட்டும். மழைநீர் ஒயர் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கூலன்ட் கலக்க இனி வடிநீர் வாங்குங்கள்.